ஊர்க்குணம் எங்கே இருக்கிறது?

ஒரு நாட்டுக்குள்ளேயே சில வட்டாரத்தார் இணக்கமானவர்கள் என்றும் வேறு சில வட்டாரத்தார் கடுகடுப்பானவர்கள் என்றும் பெயர் எடுப்பது உலகில் எங்கும் உள்ள வழக்கம். அமெரிக்காவில் தென்மாநிலத்தாரின் உபசாரமும் நியூயார்க் நகரத்தாரின் சிடுசிடுப்பும் பேசப்படுவதுபோலவே, தமிழ்நாட்டில் கோயம்புத்தூர்ப் பக்கத்து மரியாதையும், சென்னையின் எடுத்தெறிந்த பேச்சும், மதுரையில் உடனே ஒட்டிக்கொள்ளும் உறவும் அதே வேகத்தில் வரும் கோபமும் பேருந்திலும் கல்யாண வீட்டிலும் ஓயாமல் பேசப்படுகின்றன. இப்பேச்சில் எவ்வளவு கண்டது, எவ்வளவு கேட்டது, உண்மை என்று ஒன்று இருந்தால் அது மக்களின் இயல்பில் இருக்கிறதா, வேறெங்கேனும் இருக்கிறதா என்பதே இந்த அத்தியாயத்தின் கேள்வி. இதை ஆராயக் காஞ்சிபுரம் தோதான ஊர். ஏனெனில் ஏறத்தாழ 1,400 ஆண்டுகளாக அவ்வூர் மக்களின் குணத்தைப் பற்றி மற்றவர்கள் சொல்லிவந்திருக்கிறார்கள் என்பதோடு, ஆயுள் முழுதும் நீடிக்கும் தொழிலுறவும் அரை நாளில் முடிந்துபோகும் வியாபாரமும் அங்கே அடுத்தடுத்த தெருக்களில் நடக்கின்றன.

சீனத் துறவி யுவான் சுவாங், முதலாம் நரசிம்மவர்ம பல்லவன் ஆண்டுகொண்டிருந்த காலத்தில், கி.பி. 640 வாக்கில் காஞ்சிக்கு வந்தார். 646இல் அவர் முடித்த பயண நூல் ஒவ்வொரு நாட்டைப் பற்றியும் ஏறக்குறைய ஒரே வரிசையில் செய்தி தருகிறது: முதலில் சுற்றளவு, பிறகு மண்ணும் விளைச்சலும், அதன்பின் தட்பவெப்பம், கடைசியாக மக்களின் சுபாவம். மண்ணும் வெயிலும் குணத்தை உருவாக்குகின்றன என்ற நம்பிக்கை அந்த வரிசைக்குள்ளேயே இருக்கிறது. காஞ்சியைத் தலைநகராகக் கொண்ட திராவிட நாட்டு மக்கள் துணிவும் நம்பகமும் பொதுநல நாட்டமும் உடையவர்கள், கல்வியை உயர்வாக மதிப்பவர்கள் என்பது அவர் கொடுத்த சான்றிதழ். அதற்கு வடக்கே சோழரின் பெயரால் அவர் குறித்த நாட்டு மக்களோ கொடியவர்கள்; தெற்கே, பெரும்பாலான ஆய்வாளர்கள் பாண்டிய நாடு என்று கொள்ளும் மலைக்கூடத்து மக்கள் படபடப்பானவர்கள், கல்வியைப் பொருட்படுத்தாமல் வாணிப லாபத்தையே நாடுகிறவர்கள்.

இந்தப் பட்டியலை அவர் எந்த இடத்திலிருந்து பார்த்து எழுதினார் என்பதைக் கவனிக்க வேண்டும். திராவிட நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட பௌத்த மடங்களும் பதினாயிரத்துக்கு மேற்பட்ட துறவிகளும் இருந்ததாக அவரே எழுதுகிறார். அவரை எதிர்கொண்டவர்களும் அவரோடு பழகியவர்களும் பெரும்பாலும் அவருடைய சமயத்தைச் சேர்ந்த, படித்த, அவரைக் கௌரவிக்கக் காரணம் இருந்த மனிதர்கள். மலைக்கூடத்துக்கு அவர் நேரில் போகவேயில்லை, அந்நாட்டைப் பற்றிக் காஞ்சியில் கேட்டறிந்ததையே எழுதினார் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அப்படியானால் நல்ல பெயர் நேரில் பழகியதால் வந்தது, மலைக்கூடத்தின் கெட்ட பெயர் பக்கத்து நாட்டார் சொல்லக் கேட்டு வந்தது. புள்ளியியலில் இதற்கு மாதிரித் தேர்வுச் சாய்வு என்று பெயர். அதாவது, ஒரு பெருந்தொகுதியைப் பற்றிய முடிவை அதன் ஒரு மூலையிலிருந்து மட்டும் எடுத்த சிலரை வைத்துச் செய்துவிடுவது. ஔவையின் பெயரால் வழங்கும் ஒரு தனிப்பாடல், சேர நாட்டுக்கு யானையையும் சோழ நாட்டுக்குச் சோற்றையும் பாண்டிய நாட்டுக்கு முத்தையும் சிறப்பாகச் சொல்லிவிட்டுத் தொண்டை நாட்டுக்கு மட்டும் சான்றோரைச் சிறப்பாகச் சொல்கிறது. மற்ற மூன்று நாடுகளுக்கும் விளைபொருளைக் கொடுத்த அந்தப் பாட்டு, காஞ்சியைச் சூழ்ந்த நாட்டுக்கு மனிதரைக் கொடுத்தது அழகான பெருமைதான் என்றாலும் அதுவும் அளந்து சொன்னதன்று.

அளந்து பார்க்கும் முயற்சி இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் தொடங்கியது. உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் 1970இல் எழுதிய கட்டுரையில், பெருநகரத்தில் வாழ்பவர் ஒரு நாளில் எதிர்கொள்ளும் முகங்களும் ஓசைகளும் கோரிக்கைகளும் மனம் தாங்கக்கூடிய அளவை மீறிவிடுவதால், பலவற்றைக் கவனிக்காமல் விடுவதே அவர் பிழைக்கும் வழியாகிவிடுகிறது என்று விளக்கினார். நகரத்தானின் பாராமுகம் கல்நெஞ்சத்தின் அடையாளமாக இருக்க வேண்டியதில்லை, சுமை மிகுந்த மனத்தின் சிக்கனமாகவும் இருக்கலாம் என்ற இந்தக் கருத்தை ராபர்ட் லெவின் களத்தில் சோதித்தார். 1994இல் வெளியான அவருடைய முதல் ஆய்வு, அமெரிக்காவின் 36 நகரங்களில் அந்நியருக்கு உதவும் போக்கை அளந்து, மக்கள்தொகையின் மொத்த அளவைக் காட்டிலும் மக்கள் நெருக்கமே உதவி குறைவதோடு வலுவாகத் தொடர்புடையது என்று கண்டது. 2001இல் வெளியான அடுத்த ஆய்வில் 23 நாடுகளின் பெருநகரங்களில், நடந்து செல்பவர் பேனாவைத் தவறவிடுவது, காலில் கட்டுப்போட்டவர் இதழ்களைக் கீழே போட்டுவிட்டு எடுக்கத் தடுமாறுவது, பார்வையற்றவர் சாலையைக் கடக்க நிற்பது ஆகிய மூன்று சூழல்கள் நடித்துக் காட்டப்பட்டன. ரியோ டி ஜெனீரோவில் 93 விழுக்காட்டு நேரங்களில் உதவி கிடைத்தது. கோலாலம்பூரில் 40 விழுக்காடுதான். நெருக்கடிக்குப் பேர்போன கொல்கத்தா 83 விழுக்காட்டோடு முன்வரிசையில் நின்றது. நெருக்கம் மட்டுமே காரணமாக இருந்தால் கொல்கத்தா கடைசியில் அல்லவா இருந்திருக்க வேண்டும்? எனவே சுமை என்பது விளக்கத்தின் ஒரு பகுதிதான்.

குணத்தையே வரைபடமாக்க முயன்றவர்களும் உண்டு. பீட்டர் ரென்ட்ஃப்ரோவும் அவருடைய கூட்டாளிகளும் 2013இல், பதினைந்து லட்சத்துக்கு மேற்பட்ட அமெரிக்கர்களின் ஆளுமை வினாத்தாள் விடைகளைத் தொகுத்து, அந்நாட்டில் மூன்று உளவியல் வட்டாரங்கள் தென்படுவதாகக் காட்டினார்கள். அவற்றுள் நட்புணர்வு மிகுந்த வட்டாரம் நாட்டின் நடுப்பகுதியிலும் தெற்கிலும் விழுந்தது. ஆனால் ஒரு வட்டாரத்தாரைப் பற்றிப் பரவியிருக்கும் பெயரும் அளந்து பெற்ற சராசரியும் ஒன்றாகவே இருக்கும் என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது. 2005இல் அந்தோனியோ டெராச்சியானோ உள்ளிட்ட பெருங்குழு 49 பண்பாடுகளில் இரண்டையும் ஒப்பிட்டபோது, தங்கள் நாட்டு மனிதர் பொதுவாக இப்படிப்பட்டவர் என்று மக்கள் நம்பியதற்கும் அம்மக்களின் ஆளுமைச் சோதனை காட்டியதற்கும் இடையே பொருட்படுத்தத்தக்க தொடர்பே இல்லை. நாட்டுக் குணம் என்பது மக்கள் மெய்யாக நம்பும் கதையாக இருந்தும் மக்களின் விவரணையாக இல்லாமல் போவது இந்தத் துறையின் மிக முக்கியமான கண்டுபிடிப்புகளில் ஒன்று.

அப்படியானால் கோயம்புத்தூருக்குப் போன சென்னைக்காரர் தம்மை எல்லோரும் மரியாதையாக நடத்துவதாக உணர்வதும், சென்னைக்கு வந்த கோயம்புத்தூர்க்காரர் மனம் சுருங்குவதும் வெறும் கற்பனையா என்றால், இல்லை. அங்கே வேறுபடுவது உண்மையிலேயே ஒன்று உண்டு. பணிவு பற்றி உலகம் முழுவதும் மேற்கோள் காட்டப்படும் கோட்பாடு ஓரளவு கொங்கு நாட்டு மண்ணில் முளைத்தது என்பது தமிழ் வாசகர்களிடம் போதிய அளவு வந்துசேராத செய்தி. மொழியியலாளர் ஸ்டீபன் லெவின்சன் எழுபதுகளில் கோயம்புத்தூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் தங்கி, யார் யாரை நீ என்றும் யார் யாரை நீங்கள் என்றும் அழைக்கிறார்கள் என்பதை ஆராய்ந்தார். அதே காலத்தில் பெனலோப் பிரவுன் மெக்சிகோவில் செல்தால் மொழி பேசும் மாயா மக்களிடையே ஆய்வு செய்தார். இருவரும் சேர்ந்து 1978இல் வெளியிட்டு 1987இல் தனி நூலாக்கிய பணிவுக் கோட்பாடு, ஆங்கிலம், செல்தால், தமிழ் ஆகிய மூன்று மொழிகளின் சான்றுகள் மீது நிற்கிறது.

அக்கோட்பாட்டின்படி, பிறரோடு பழகும் ஒவ்வொருவருக்கும் இரண்டு தேவைகள் இருக்கின்றன: தம்மை வேண்டியவராகக் கருத வேண்டும் என்பது ஒன்று, தம் வழியில் குறுக்கிடக் கூடாது என்பது மற்றொன்று. முதல் தேவையை நிறைவு செய்யும் பேச்சு நெருக்கப் பணிவு. அண்ணே, அக்கா, மாப்ளே என்று உறவு சேர்த்துக் கூப்பிடுவதும், சாப்பிட்டாச்சா என்று கேட்பதும், கேலி செய்வதும் இந்த வகை. இரண்டாவது தேவையை நிறைவு செய்வது விலகல் பணிவு. சொல்லுக்குச் சொல் ‘ங்க’ சேர்ப்பதும், கேட்பதைச் சுற்றிவளைத்துக் கேட்பதும் இந்த வகை. கொங்கு வழக்கில் வாங்க, போங்க என்பதோடு நில்லாமல் ஏனுங்க, இல்லீங்க, சரீங்க என்று கேள்விக்கும் மறுப்புக்கும் ஒப்புதலுக்கும்கூட மரியாதை விகுதி ஒட்டிக்கொள்கிறது. சென்னையிலும் காஞ்சிபுரம், வேலூர்ப் பக்கங்களிலும் இன்னாப்பா என்று தொடங்கும் பேச்சு நெருக்கப் பணிவைச் சார்ந்தது. திருநெல்வேலியில் கூட்டாளிகளுக்குள் ஏலே என்று விளிப்பதும் அப்படியே. விலகல் பணிவில் பழகிய காதுக்கு நெருக்கப் பணிவு அவமதிப்பாகவும், நெருக்கப் பணிவில் பழகிய காதுக்கு விலகல் பணிவு ஒட்டாத பேச்சாகவும் கேட்கும். இருவரும் தம்தம் ஊர் வழக்கப்படி பண்பாகவே நடந்துகொண்டிருக்கும்போதே ஒருவர் மனத்தில் மற்றவர் முரடராகப் பதிந்துவிடுகிறார். வட்டாரக் குணம் என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இப்படி விதிகள் மாறிக் கேட்பதால் விளைவது என்பதை ஏற்க வேண்டும்.

கொங்குக் கிராமத்தில் லெவின்சன் கண்டதில் இன்னொரு பகுதியும் உண்டு, அதை விட்டுவிட்டு முதல் பகுதியை மட்டும் பாராட்டுவது நேர்மையாகாது. மரியாதை விகுதி எல்லோருக்கும் எல்லோரிடமிருந்தும் கிடைக்கவில்லை. சாதி அடுக்கில் மேலே இருப்பவர் நீ என்று சொல்லி நீங்கள் என்பதைப் பெற்றுக்கொண்டார். ஆதிக்கம் உள்ளவர்களிடையே விலகல் பணிவும், ஆதிக்கத்துக்கு உட்பட்டவர்களிடையே நெருக்கப் பணிவும் மேலோங்குவது பொதுப்போக்கு என்று பிரவுனும் லெவின்சனும் கருதினார்கள். ஒரு வட்டாரம் மரியாதைக்குப் பேர்போனது என்று கேட்கும்போது, அந்த மரியாதை யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று உடனே கேட்கத் தோன்ற வேண்டும்.

காஞ்சிபுரத்தில் இந்தக் கேள்வியை நெசவுத் தெருவிலிருந்து தொடங்கலாம். பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில் செங்குந்தர், தெலுங்கு பேசும் பத்மசாலியர், கன்னடமும் தெலுங்கும் பேசும் தேவாங்கர், சௌராஷ்டிரர் எனப் பல சமூகத்தார் பல தலைமுறைகளாகத் தறியை நம்பி வாழ்ந்துவந்திருக்கிறார்கள். காஞ்சிபுரம் போனால் காலாட்டிப் பிழைக்கலாம் என்ற பழமொழி, குழித்தறியில் கால்மிதி மிதித்தே வயிறு கழுவலாம் என்று பிறவூராரை அழைத்த காலத்தின் எச்சம். பட்டு நெசவில் தனியாள் வேலை என்பது மிகக் குறைவு. பாவை, அதாவது புடவையின் நீளவாட்டு நூலை, வெயில் ஏறுவதற்கு முன் தெருவில் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நீட்டிக் கட்டி, கஞ்சி போட்டு, ஒட்டிய இழைகளைப் பிரித்து, அறுந்ததை முடிந்து, காய்ந்த கையோடு சுருட்டி எடுக்க வேண்டும். அதற்குப் பல கைகள் ஒரே நேரத்தில் வேண்டும். இன்று ஒரு வீட்டுப் பாவுக்கு வந்து நிற்காதவர் நாளை தம் வீட்டுப் பாவுக்கு ஆள் தேட வேண்டியிருக்கும். தெருவோ பொது வழி. பாவு நீட்டியிருக்கும் நேரத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓரமாகப் போகிறவரும் அந்த ஏற்பாட்டில் பங்கெடுப்பவரே.

தறிக்குள்ளும் இதே சார்பு உண்டு. காஞ்சிப் பட்டின் தனித்தன்மையான கோர்வை முறையில் உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறொரு நிறமும் வருவதால் மூன்று நாடாக்கள், அதாவது ஊடை எனும் குறுக்கு நூலைச் சுமந்து செல்லும் கருவிகள், ஓட வேண்டும். நெய்பவர் ஒரு பக்கத்தைப் பார்த்துக்கொள்ள, மறுபக்கத்துக் கரையின் நாடாவைக் கொடுத்து வாங்க ஓர் உதவியாள் பக்கத்தில் உட்கார்ந்தாக வேண்டும். உடல் ஊடையும் கரை ஊடையும் ஒவ்வொரு முறையும் சரியாகக் கோத்துக்கொள்ளாவிட்டால் புடவை அந்த இடத்தில் பிரிந்துபோகும். மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் ஒரே பலகையில் அருகருகே அமர்ந்திருக்கும் இருவருக்குள் பேச்சின் தொனி என்பது பொழுதுபோக்கு விஷயமன்று, தொழிலின் கருவி. பாவும் ஜரிகையும் கொடுத்து நெய்த புடவையை வாங்கிக்கொள்ளும் பெருநெசவாளரோடும், காமாட்சியம்மன், முருகன், அறிஞர் அண்ணா போன்ற பெயர்களில் இயங்கும் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களோடும் நெசவாளருக்கு இருக்கும் உறவும் இப்படி நீண்டதே. காஞ்சியின் கூட்டுறவுச் சங்கங்களை ஆராய்ந்து 1982இல் நூல் எழுதிய மானிடவியலாளர் இவோன் ஆர்ட்டர்பர்ன், ஒருவரையொருவர் சார்ந்திருத்தல் என்பதையே அந்நூலின் தலைப்பாக்கினார்.

சார்ந்து செய்யும் தொழில் மனத்தைச் சார்புடையதாக்குகிறது என்ற கருத்துக்கு உலக அளவில் பேசப்படும் சான்று நெல்லிலிருந்து வந்தது. தாமஸ் டால்ஹெல்மும் கூட்டாளிகளும் 2014இல் சீனாவின் ஆறு இடங்களில் 1,162 மாணவர்களை ஆராய்ந்து, நெல் விளையும் தென்பகுதியினர் கோதுமை விளையும் வடபகுதியினரைவிடத் தங்களைப் பிறரோடு பிணைந்தவர்களாகக் காண்கிறார்கள் என்றார்கள். நெல்லுக்கு நீரைப் பங்கிட்டே ஆக வேண்டும், நடவுக்கும் அறுவடைக்கும் ஆள் மாற்றிக்கொண்டே ஆக வேண்டும் என்பது அவர்கள் தந்த காரணம். இம்முடிவு விமர்சிக்கப்பட்டது, ஆயினும் நிங்சியாவில் அரசு தன்போக்கில் சிலரை நெல் பண்ணைக்கும் சிலரைக் கோதுமைப் பண்ணைக்கும் அனுப்பியிருந்த சூழலை வைத்து 2024இல் வெளியான ஆய்வும் அதே திசையைக் காட்டியது. இங்கே பலர் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்று உண்டு. நெல் பகுதியினர் எல்லோரிடமும் இனிமையானவர்கள் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. நண்பருக்கும் அந்நியருக்கும் இடையே அவர்கள் காட்டும் வேறுபாடு பெரிது, நண்பர் தவறு செய்தாலும் தண்டிக்கத் தயங்குகிறார்கள் என்றே அது சொன்னது. சார்ந்து வாழ்வது உள்வட்டத்தை இறுக்குகிறது. அதனாலேயே வெளிவட்டம் தெளிவாக வெளியே நிற்கிறது.

ஏரிகள் நிறைந்த தொண்டை மண்டலத்தில் இந்த ஆபத்தை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்திருந்தார்கள் என்பதற்குக் காஞ்சிக்குத் தெற்கே உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, சாட்சியாக உள்ளன. ஏரி வாரியம் முதலிய குழுக்களுக்கு உறுப்பினரைக் குடவோலை மூலம் தேர்ந்தெடுக்கும் விதிகளில், முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமின்றி அவருடைய நெருங்கிய உறவினரும், சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் என்று ஒவ்வொரு உறவாகப் பெயர் சொல்லி விலக்கப்படுகிறார்கள். குடத்திலிருந்து ஓலையை எடுப்பதும் உள்ளே இருப்பது என்னவென்று அறியாத ஒரு சிறுவனின் வேலை. அது பிராமண நிலவுடைமையாளர்களின் சபை, ஊரார் எல்லோருக்கும் அதில் இடமில்லை. என்றாலும் நீரைப் பங்கிட்டு வாழும் ஊரில் பாசம் நியாயத்தை விழுங்கிவிடும் என்பதை அறிந்து, பாசத்துக்கு எதிராக விதி செய்த அந்த அறிவு வியக்கத்தக்கது.

இப்போது காஞ்சியின் மறுபக்கத்துக்கு வரலாம். வெளியூரிலிருந்து கல்யாணப் புடவை எடுக்கவோ கோயில் பார்க்கவோ வருபவர் பிள்ளையார்பாளையத்துப் பாவைப் பார்ப்பதில்லை. அவர் எதிர்கொள்வது பேருந்து நிலையம், ஆட்டோ, வண்டியை வழிமறித்து நல்ல கடை காட்டுகிறேன் என்று கூடவே வரும் தரகர், கோயில் வாசலில் வழிகாட்டியாக முன்வரும் ஆள், பிறகு வெள்ளை விரிப்பு விரித்த பட்டுக்கடை. தரகருக்கு அந்த வாடிக்கையாளரை மறுபடி பார்க்கும் வாய்ப்பு இல்லை. கடைக்கு அழைத்துப்போனால் கிடைக்கும் தரகே அவருடைய அன்றைய வருமானம். அரசியல் அறிவியலாளர் ராபர்ட் ஆக்சல்ராட் 1984இல் வெளியிட்ட நூலில் விளக்கியபடி, மீண்டும் மீண்டும் சந்திக்கப் போகிறவர்களுக்கிடையே ஒத்துழைப்பு தானாகவே நிலைக்கிறது. இதுவே கடைசிச் சந்திப்பு என்று இருவருக்கும் தெரிந்தால் அது தளர்கிறது. தொந்தரவு செய்யும் தரகரும் விடியலில் பக்கத்து வீட்டுப் பாவுக்குக் கைகொடுத்த ஆளும் ஒரே மனிதராக இருக்கக் கூடும். பட்டுக்கடையின் உபசாரமும் இதே கணக்கில் அடங்கும்: தலைமுறைகளாக ஒரே குடும்பத்தின் கல்யாணங்களுக்குப் புடவை கொடுத்துவரும் கடையில் நூறு புடவை பிரித்துப் போட்டும் முகம் சுளிக்காத பொறுமை, அந்தக் குடும்பத்தின் அடுத்த கல்யாணத்தை எதிர்பார்த்திருக்கும் பொறுமை. அதில் உண்மையான அன்பு இல்லை என்று சொல்ல வேண்டியதில்லை. அன்பு தங்குவதற்கு இடம் கொடுக்கும் உறவு அங்கே இருக்கிறது, பேருந்து நிலையத்தில் இல்லை.

ஒரு சந்திப்பு கடைசிச் சந்திப்பாக இருப்பதோடு மில்கிராம் சொன்ன சுமையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2019 காட்டியது. நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை குளத்திலிருந்து எழுந்தருளும் அத்திவரதரை வரதராஜப் பெருமாள் கோயிலில் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாட்களில் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் தரிசித்தார்கள் என்று கணக்கிடப்பட்டது. 2011 கணக்கெடுப்பில் சுமார் 1.64 லட்சம் மக்கள் கொண்ட நகரம் அது. வாகனங்கள் தடுக்கப்பட்டன, சின்ன காஞ்சிபுரத்துத் தெருக்களில் வீட்டை விட்டு வெளியே போய்த் திரும்புவதே உள்ளூராருக்குப் பெரும்பாடானது, நெரிசலில் உயிரிழப்பும் நேர்ந்தது. அந்நாட்களில் அங்கு வந்தவர்களில் காவலரின் அதட்டலையும் வரிசையின் இடிபாட்டையும் காஞ்சிபுரத்தின் குணமாக நினைவில் கொண்டுபோனவர்களும் உண்டு, நீர்மோரும் சோறும் கொடுத்த கைகளை நினைவில் கொண்டுபோனவர்களும் உண்டு. இரண்டும் நடந்தவை.

இணக்கமும் கடுமையும் எதிரெதிரானவை என்ற எண்ணத்தையும் இந்த ஊர் ஏற்க விடுவதில்லை. அமெரிக்கத் தென்மாநிலத்தாரை ஆராய்ந்து 1996இல் நூல் வெளியிட்ட ரிச்சர்ட் நிஸ்பெட்டும் டோவ் கோஹனும், சாதாரண நேரத்தில் மிக்க மரியாதை காட்டும் அம்மக்களே மானம் தொடப்பட்டால் வடபகுதியினரைவிடக் கடுமையாக எதிர்வினை காட்டுவதைச் சோதனையில் கண்டார்கள். மரியாதை என்பது அங்கே மோதலைத் தள்ளிவைக்கும் வேலியாகவும் இருந்தது. வரதராஜப் பெருமாள் கோயிலில் வைணவத்தின் இரு பிரிவினரான வடகலையாரும் தென்கலையாரும் யார் எந்த இடத்தில் எதை ஓதுவது என்பதில் தலைமுறை தலைமுறையாக வழக்காடிவருகிறார்கள். இரு தரப்பாரின் பேச்சு வழக்கும் மரியாதைச் சொற்கள் நிறைந்தது. பூசலின் பொருளே முன்னுரிமையும் மரியாதையும்தான். சொல்லில் மரியாதை கூடக்கூட அது குறையும் இடம் கூர்மையாகத் தெரியும் என்பதால், மரியாதை மிகுந்த சூழலில் மனத்தாங்கலுக்கும் இடம் மிகுதி.

சொல்லுக்குள் அடங்கிய ஏற்றத்தாழ்வை மாற்றும் முயற்சியும் இந்த ஊரோடு தொடர்புடையது. 1909இல் காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த சி. என். அண்ணாதுரை, 1942இல் அங்கிருந்து தொடங்கிய திராவிட நாடு இதழில் தம்பிக்கு என்று விளித்து எழுதிய கடிதங்கள் வழியாக, முகம் தெரியாத லட்சக்கணக்கானோரை ஒரே உறவுச் சொல்லால் கட்டினார். சாதிப் பெயரோ பட்டமோ கேட்காமல் ஒருவரை அண்ணன் என்றும் மற்றவரைத் தம்பி என்றும் அழைக்கும் அந்த முறை, மேலே சொன்ன நெருக்கப் பணிவை அரசியலின் மொழியாக்கியது. இன்று தமிழ்நாட்டில் கடைக்காரரும் நடத்துநரும் பயணியும் ஒருவரையொருவர் அண்ணா என்று கூப்பிட்டுக்கொள்வது எல்லாம் அதனால் வந்ததென்று சொல்ல முடியாது, அவ்வழக்கு மிகப் பழையது. ஆனால் அதை மேடைக்கும் அச்சுக்கும் கொண்டுவந்ததில் காஞ்சிக்காரரின் பங்கு பெரிது.

அந்த உறவுச் சொற்கள் எட்டாத இடமும் அதே ஊரில் இருந்தது. கோர்வைத் தறியில் மறுபக்கத்து நாடாவைக் கொடுத்து வாங்கிய உதவியாள் பல தறிகளில் ஒரு குழந்தை. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகப் பள்ளியை விட்டுத் தறிக்குழியில் உட்கார்ந்த பிள்ளைகளைப் பற்றி, ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு இந்தியப் பட்டுத் தொழிலின் கொத்தடிமைக் குழந்தைகள் குறித்து 2003இல் வெளியிட்ட அறிக்கை காஞ்சிபுரத்தையும் சேர்த்தே பேசியது. கொத்தடிமை முறை 1976இலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டிருந்தது. வாடிக்கையாளருக்கு உபசாரம், சக நெசவாளருக்கு ஒத்தாசை, பலகையில் பக்கத்திலேயே இருந்த பிள்ளைக்கு அதட்டல் என்று மூன்றும் ஒரு கூரையின் கீழ் இருந்தன என்றால், அந்த ஊர் இணக்கமானதா கடுமையானதா என்ற கேள்விக்கு ஒற்றை விடை தருவது அந்தப் பிள்ளைகளைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டால்தான் முடியும். வட்டாரக் குணம் பற்றிய எழுத்தில் பெரும்பாலானவை பயணிகளும் வாடிக்கையாளர்களும் எழுதியவை. முன்பணத்துக்குக் கட்டுண்டவர்கள் எழுதியவை அவற்றில் இல்லை.

இதற்கிடையே ஊரின் தொழில் நிலைமை வேகமாக மாறியிருக்கிறது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியதிலிருந்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் தொழிற்சாலைகள் பெருகி, நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் தறியை விட்டு அங்கே வேலைக்குப் போகிறார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களோடு ஒரே பணிமுறையில் நிற்கிறார்கள். பாவுக்கு ஆள் சேரும் தெருவின் கடமை தளர்கிறது, தெரியாத மொழி பேசும் சக தொழிலாளியை எந்தச் சொல்லால் அழைப்பது என்ற புதிய கேள்வி எழுகிறது. வணிகத்தில் ஒருவர் மற்றவரின் இடத்தைப் பறிக்காமல் ஒருவர் மற்றவருக்குத் தேவையாக இருந்த இடைக்காலத் துறைமுக நகரங்களில் இந்து முஸ்லிம் கலவரங்கள் பிற்காலத்திலும் குறைவாக இருந்ததாகச் சௌமித்ர ஜா 2013இல் காட்டினார். தொழிற்சாலை வாயிலில் உள்ளூராரும் வந்தவரும் ஒருவருக்கொருவர் தேவையானவர்களாக இருக்கிறார்களா, ஒரே வேலைக்குப் போட்டியிடுகிறவர்களாக இருக்கிறார்களா என்பதைப் பொறுத்தே அங்கு எந்த வகைப் பேச்சு வேர்பிடிக்கும்.

லெவினின் முறையைக் காஞ்சிபுரத்தில் நடத்த விரும்பும் ஆய்வாளர், பேருந்து நிலையத்தில் ஒரு பேனாவைத் தவறவிட்டு எண்ணிவிட்டுப் போவது போதாது. அதே பேனாவைப் பிள்ளையார்பாளையத்துத் தெருவிலும், பெரிய காஞ்சிபுரத்துக் கடைவீதியிலும், ஒரகடத்துத் தொழிற்சாலைப் பேருந்து நிற்கும் இடத்திலும் தவறவிட வேண்டும். சாதாரண செவ்வாய்க்கிழமை ஒன்றிலும் வைகாசிப் பிரம்மோற்சவக் கருட சேவையன்றும் தவறவிட வேண்டும். தவறவிடுபவர் ஒரு முறை கொங்குத் தமிழ் பேசுபவராகவும், ஒரு முறை இந்தி பேசுபவராகவும், ஒரு முறை உள்ளூர்ப் பள்ளிச் சீருடை அணிந்த பெண்ணாகவும், ஒரு முறை கையில் துடைப்பம் ஏந்திய துப்புரவுத் தொழிலாளியாகவும் இருக்க வேண்டும். பேனா திரும்பி வந்ததா என்பதோடு, திருப்பிக் கொடுத்தவர் எந்தச் சொல்லால் அழைத்தார் என்பதையும் ஒவ்வொரு முறையும் குறித்துவைக்க வேண்டும்.